ஆயர் பெயர் சொல்லாத மாதங்கள்

லிம்பர்க்
18 செப்டம்பர் 1973

அன்புள்ள தம்பி செர்வாஸுக்கு,

அக்கா ஒடீலியா நலம். படியேறும்போது முழங்கால் முணுமுணுக்கிறது, அதையும் சேர்த்துத்தான் நலம் என்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நார்வேயின் வடகோடியில் இப்போதே குளிர் இறங்கியிருக்குமே, கம்பளி உள்சட்டை போடுகிறாயா?

அங்கே பிஷப்பாக இருந்த உங்கள் ஆயர் இறந்த செய்தியை நம் கோவிலில் வாசித்தார்கள். நம் ஊர்க்காரர், நல்ல மனிதர். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது நம் சமையலறையில் உட்கார்ந்து, நான் பிளம்ஸ் வைத்துச் சுட்ட ஃப்ளாய் அப்பத்தில் பாதியைத் தின்று தீர்த்துவிட்டு, "உங்க தம்பி மட்டும் இல்லேன்னா அந்த ஊர்ல ஒரு குளிர்காலம்கூடத் தாங்கியிருக்க மாட்டேம்மா" என்றார். அவர் ஆன்மா இளைப்பாறட்டும். ஆனால் செய்தி கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் உன் வாக்குதான் நினைவுக்கு வந்தது. "அவர் இருக்கிற வரைக்கும் விட்டுட்டு வரமுடியாது அக்கா, அதுக்கப்புறம் வந்துடுறேன்" என்று போன தடவை ரயிலடியில் சொன்னாயே, மறந்துவிடவில்லையே?

தெருப்பக்க அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். அப்பா இருமிக்கொண்டே கிடந்த அறை என்று தயங்காதே, ஜன்னலைப் பெரிதாக்கியிருக்கிறேன். நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். கொடியில் போட்ட துணி இப்போதெல்லாம் வெள்ளையாகவே காய்கிறது, அம்மா இருந்து பார்த்திருக்கவேண்டும். இந்த வீட்டில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. சீக்கிரம் வா.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
ஒடீலியா

*

ஹவ்நெஸ்
21 அக்டோபர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நாலு நாளாக மேசைமேல் இருந்தது. நான் தீவுகளைச் சுற்றிவிட்டு நேற்றுத்தான் கப்பலில் திரும்பினேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உள்சட்டை போடுகிறேன், ஒன்றுக்கு இரண்டாக.

வாக்கை மறக்கவில்லை. ஆனால் புது ஆயர் வரும்வரை நிர்வாகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூரை ஒழுகினாலும் நான்தான், கன்னியர் மடத்தில் சண்டை வந்தாலும் நான்தான். புதியவர் வந்த மறுவாரமே மூட்டை கட்டிவிடுவேன். அடுத்த கோடைக்குள் ஆகிவிடும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கூத்தைக் கேள். பூசையில் திருத்தந்தைக்கு அடுத்தபடி எங்கள் ஆயர் பெயரைச் சொல்லி மன்றாட வேண்டும். ஆயர் இல்லாத காலத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும். இருபது வருடம் ஒரே பெயரைச் சொல்லிப் பழகிய நாக்கு கேட்குமா? போன ஞாயிறும் இறந்தவரின் பெயரைச் சொல்லி, ஆயராக நீடூழி காக்கும்படி வேண்டிவிட்டேன். ஆயர் இல்லத்தில் சமைக்கும் போர்கில்ட் அம்மா பூசை முடிந்ததும் வந்து நின்றாள். "சாமி, அவரை நாமதான் போன மாசம் புதைச்சோம். நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவரு எப்பத்தான் மோட்சத்துக்குப் போறது?" என்றாள்.

சாப்பாட்டு அறையில் பழைய ஆயர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதலில் தாடிக்கார ஜெர்மானியர், அடுத்து லக்சம்பர்க்காரர், கடைசியில் நம் ஹாலந்து ஆள். ரோமாபுரிக் கணக்கில் இது மிஷன் பூமி என்பதால், ஒவ்வொருவருக்கும் ஆப்பிரிக்காவில் மணலுக்கடியில் போன ஏதோ ஒரு பழைய நகரத்தின் ஆயர் என்றுதான் பட்டம். வாழ்ந்தது பனியில், பட்டம் மணலில். மூவருமே ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுகிற மாதிரிதான் படத்தில் இருக்கிறார்கள். தனியாகச் சாப்பிடும்போது அவர்களைப் பார்த்தால் எனக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. நம் ஊர் நற்கருணை பவனியில் நீ பூக்கூடை தூக்கிக்கொண்டு முன்னால் போனதும், நான் பின்னால் வந்து உன் பாவாடையை மிதித்ததும், பவனி நடுவிலேயே நீ திரும்பி என்னை அறைந்ததும்.

கால் வலிக்குச் சூடான ஒத்தடம் கொடு.

அன்புத் தம்பி,
செர்வாஸ்

*

லிம்பர்க்
7 டிசம்பர் 1973

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். கன்னத்தில் அறையவில்லை, முதுகில் ஒன்று வைத்தேன், அவ்வளவுதான். நீ கத்திய கத்தலில் பங்குசாமி பாட்டை நிறுத்திவிட்டார், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே.

கோடைக்குள் வருவாய் என்பதை அண்டை அயலாரிடம் சொல்லிவிட்டேன். இனி நீ மாற்றினால் மானம் போவது எனக்கு. எதிர்வீட்டுக்காரி, "உன் தம்பி வந்தா நமக்குத் தினமும் பூசை உண்டா?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தினமும் காப்பி வேண்டும், பூசையைச் சாக்காக வைக்கிறாள்.

உங்கள் புது ஆயராக யார் வருவார்? சீக்கிரம் யாரையாவது பிடித்து உட்காரவைக்கச் சொல். நான் அதற்காக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துடன்,
ஒடீலியா

*

ஹவ்நெஸ்
29 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கிறிஸ்துமஸுக்கு மூன்று தீவுகளில் பூசை வைத்தேன், பிறகு புயலில் ஒரு வாரம் மீனவர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். காட் மீனும் ஈரலும் தின்று ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன், கவலை வேண்டாம்.

இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த சூரியன் போன வாரம் மலைக்கு மேலே கொஞ்சம் தலைநீட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பூசைக்குப் பிறகு கோவில் கூடத்தில் எல்லாருக்கும் காப்பியும் இனிப்பு ரொட்டியும். பேச்சு முழுக்க அடுத்த ஆயர் யார் என்பதுதான். ஆள் யாரையாவது யோசித்தால், கோபன்ஹேகனில் இருக்கும் திருத்தந்தையின் தூதர் அந்த ஆளைப் பற்றித் தெரிந்தவர்களிடம் ரகசியமாக விசாரிப்பார். கேட்கப்பட்டவர் கேட்கப்பட்டதையே வெளியில் சொல்லக்கூடாது, சத்தியம். போர்கில்ட் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? "யாரு வாயத் தொறக்காம ரொட்டியையே பாத்துக்கிட்டு இருக்காங்களோ, அவங்ககிட்ட விசாரிச்சாச்சுன்னு அர்த்தம்" என்றாள். உடனே கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு ஹாலந்துக்காரர் மட்டும் வேணாம் சாமி. உங்க மேல எனக்கு மனவருத்தம் ஒண்ணும் இல்ல. ஜெர்மன்காரர் பிரசங்கம் வச்சா எங்கள திட்டுற மாதிரி இருக்கும்னு எங்கம்மா சொல்வாங்க. உங்காளு வச்சா தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி இருக்கும். எங்க பாஷையில எங்களத் திட்ட ஒரு பிஷப் வேணும்."

அவள் சொன்னது சிரிப்பாக இருந்தாலும் எனக்கு உறைத்தது. லூத்தர் சபை வந்ததிலிருந்து இந்த வடக்கில் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் எங்கள் ஆயராக இருந்ததில்லை. எய்விண்ட் சாமியைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். மீனவர் மகன், நாற்பத்தைந்து வயது, கோபக்காரர், உருளைக்கிழங்கு எப்போது நடவேண்டும் என்பதில் என்னோடு வருடாவருடம் சண்டை போடுகிறவர். அவரைப் போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

அன்புத் தம்பி,
செர்வாஸ்

*

லிம்பர்க்
16 மார்ச் 1974

அன்புள்ள செர்வாஸ்,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை இருந்தது.

உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? உண்மையை எழுது.

நம் வட்டாரக் கோவில்களைக் கவனிக்கும் மறைவட்ட அதிபர் சாமி வந்திருந்தார். காப்பி சாப்பிட்டார். தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒடீலியா

*

ஹவ்நெஸ்
19 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். உனக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா? இதுவரை நீ எழுதிய எந்தக் கடிதமும் "எப்போது வருகிறாய்" என்று கேட்காமல் முடிந்ததில்லை. இந்தத் தடவை அது இல்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை. மார்ச் மாதம் பனி கிடக்கையில் அதிபர் சாமியும் நீயும் தோட்டத்தில் எதைப் பார்த்தீர்கள்?

என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியை எப்போதோ மறந்துவிட்டேன். குருமடத்தில் படித்த பையனை இரண்டு குளிர்காலம் வராந்தாவில் கட்டிலோடு போட்டு வைத்தார்களே. நீ சுரங்க கேன்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, எனக்குக் கொடுக்கக்கூடாததையெல்லாம் ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டினாய். அந்த டாக்டர், "குளிர் பக்கமே போகக்கூடாது" என்றார். நான் பூமியிலேயே குளிரான இடத்துக்கு வந்து அவரைவிட அதிக நாள் இருந்துவிட்டேன்.

கடிதம் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நடுவில் கோபன்ஹேகன் வரை போகவேண்டியிருந்தது. பல் வைத்தியர்.

இங்கே பனி உருகி எங்கும் சேறு. பூசையில் அந்த வெற்றிடம் இப்போது பழகிவிட்டது, நாக்கு ஒழுங்காகத் தாண்டுகிறது.

உன் கோபம் எதுவாக இருந்தாலும் எழுது.

அன்புத் தம்பி,
செர்வாஸ்

*

லிம்பர்க்
10 மே 1974

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குக் கோபமும் இல்லை, நோயும் இல்லை. பேரிக்காய் மரம் பூத்திருக்கிறது.

உலகப்போர் முடிந்த வருடமே உன் பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைத்தாய். அந்தப் பல்லை டம்ளரில் போட்டு நம் சித்தி மகளைப் பயமுறுத்தியதை நான் மறக்கவில்லை. கோபன்ஹேகனில் எந்தப் பல்லைப் பார்த்தார்கள் என்று நான் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே.

ஒரு செய்தி. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வருகிறாள். தெருப்பக்க அறையை அவளுக்கு விடலாம் என்று இருக்கிறேன், செப்டம்பரிலிருந்து. சும்மா பூட்டிக் கிடப்பதற்கு இது மேல். அந்தப் பெண் மாலையில் வயலின் மாதிரி ஏதோ வாசிப்பாளாம், வீட்டில் சத்தம் இருக்கும். அதனால் நீ எதையாவது யோசிக்கும்போது இந்த வீட்டையும் என்னையும் அதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் நலத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
ஒடீலியா

*

ஹவ்நெஸ்
24 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே இப்போது சூரியன் படுக்கவே போவதில்லை.

புது ஆயர் அறிவிக்கப்பட்டுவிட்டார். எய்விண்ட் சாமி! இந்த மண்ணில் பிறந்தவர்.

செய்தி வந்த அன்று அவர் நேராக என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே நின்றார். "சாமி, நீங்க இருக்கும்போது நான் எப்படி? முப்பது வருஷம் இங்க உழைச்சது நீங்க" என்றார்.

"உழைச்சவனுக்கு ஓய்வு குடுப்பாங்க, நாற்காலி குடுக்க மாட்டாங்க. அந்த நாற்காலியில இதுவரைக்கும் உங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட உட்காந்ததில்ல, போய் உட்காருங்க" என்றேன்.

"உருளைக்கிழங்க இனிமே நான் சொல்ற தேதியிலதான் நடணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

நேற்று அவரது திருநிலைப்பாடு முடிந்து, இன்று காலைப் பூசையில் அந்தப் பெயரை முதல்முறையாகச் சொன்னேன். இத்தனை மாதமும் தாண்டிப்போன இடத்தில் நின்று சொன்னேன். போர்கில்ட் அம்மா முன்வரிசையில் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டால், "தூசி விழுந்திடுச்சு சாமி" என்கிறாள்.

செப்டம்பர் முதல் வாரம் வந்துவிடுவேன், அக்கா. ஆசிரியையிடம் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி,
செர்வாஸ்

*

லிம்பர்க்
2 ஆகஸ்ட் 1974

அன்புள்ள செர்வாஸ்,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. இதற்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

அதிபர் சாமி மார்ச் மாதம் தோட்டம் பார்க்க வரவில்லை. உன்னைப் பற்றி விசாரிக்க வந்தார். வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார், உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்று. இப்போது சொல்கிறேன், அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும்.

நம் குடும்பத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டார். கடைசியில், "உங்க தம்பிக்கு உடம்புல பழைய சீக்கு ஏதாவது உண்டாம்மா?" என்றார். நான் காசநோய் ஆஸ்பத்திரியைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், செர்வாஸ். ஆனால் அவர் தலையாட்டியபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இனி இவனை ஆயராக்கமாட்டார்கள், வீட்டுக்கு வந்துவிடுவான் என்று. அவர் போனபிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்து எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதனால்தான் அறையை வாடகைக்கு விடுகிறேன் என்று எழுதினேன். அவனைக் கூப்பிட்டால் போய் நிம்மதியாகச் சம்மதம் சொல்லட்டும், அக்கா காத்திருக்கிறாள் என்று தயங்கவேண்டாம் என்று. வாடகைக்கு யாரும் வரவில்லை என்றால்கூட அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கடைசியில் வேறொருவரை ஆயராக்கிவிட்டார்கள். நீ பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் பனியில் நடந்தவனுக்கு வரவேண்டியதை என் வாயாலேயே தட்டிவிட்டேன். நீ இங்கே வந்தால், தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் உன் முகத்தைப் பார்த்து அதை நினைத்துக்கொண்டிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டு வருவதானால் வரவேண்டாம்.

ஒடீலியா

*

ஹவ்நெஸ்
13 ஆகஸ்ட் 1974

என் அன்பு அக்காவுக்கு,

இந்தத் தடவை உடனே எழுதுகிறேன். தபால் கப்பல் கிளம்பக் காத்திருக்கிறது, போர்கில்ட் அம்மா கோட்டோடு வாசலில் நிற்கிறாள்.

உன்னைப் போலவே நானும் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன். உனக்கு இருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை, அதை மீறமாட்டேன். கோபன்ஹேகனில் என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதை யாரிடமும், உன்னிடமும், சாகும்வரை சொல்லமுடியாது.

ஆனால் யாரும் தடைசெய்யாத ஒன்றைச் சொல்கிறேன். "உனக்கு இல்லை" என்று சொல்வதற்காக ஒரு கிழட்டுச் சாமியாரை வட துருவத்துப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் யாரும் வரவழைக்கமாட்டார்கள். அதற்குக் கடிதம்கூடப் போடமாட்டார்கள்.

நீ அதிபர் சாமியிடம் பேசியது மார்ச்சில். நான் கப்பல் ஏறியது அதற்குப் பிறகு. என் நெஞ்சைப் பற்றி அறிந்துகொண்டேதான் அவர்கள் என்னை வரச்சொன்னார்கள். பொறுமையாக உட்கார்ந்து இதை இரண்டு தடவை படி.

ஒரு பதிலுக்கு ஒரு மனிதன் இரண்டு காரணம் வைத்திருக்கலாம். ஒன்று இந்த ஊர் ஜனங்களுக்காக. இன்னொன்று என்னவென்று உனக்குத் தெரியும். எது பெரியது என்று கடவுள் கேட்டால் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன். உனக்கு வெட்கமாக இருந்த அந்தச் சந்தோஷத்தைப் படித்தபோது நான் அழுதேன், அக்கா. இவ்வளவு காலம் தள்ளியிருந்தும் என்னை அப்படி எதிர்பார்க்க ஓர் ஆள் இருந்திருக்கிறது.

செப்டம்பர் ஐந்து, மாலை ரயில்.

உன் தம்பி,
செர்வாஸ்

*

லிம்பர்க்
23 ஆகஸ்ட் 1974

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு தடவை இல்லை, எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நலமாக இருக்கிறேன். உண்மையாகவே நலம், முழங்கால் உட்பட.

ஆசிரியைக்கு மாடி அறையைக் கொடுத்துவிட்டேன். அவள் சின்னப் பெண், படியேறட்டும். தெருப்பக்க அறையில் உன் கட்டிலைப் போட்டாகிவிட்டது.

நேற்று அதிபர் சாமி வந்தார். உங்கள் புது ஆயரின் பெயரைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார். பிறகு மெதுவாக, "உங்க தம்பிக்குக் குடுத்துவைக்கல. எல்லாத்துக்கும் உடம்பு ஒத்துழைக்கணும் பாருங்க. மனசத் தளரவிடாதீங்கம்மா" என்றார். எனக்கு எழுந்து நின்று கத்தவேண்டும்போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சாமி, அவனுக்குக் குடுத்துவைக்கல" என்றேன். ஒரு குருவிடம் நான் சொன்ன முதல் பொய். பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லமாட்டேன். ஃப்ளாயில் பெரிய துண்டாக வெட்டி அவருக்குக் கொடுத்தேன்.

எதிர்வீட்டுக்காரியும் அப்படித்தான் பேசுகிறாள். "பாவம், அவ்வளவு உழைச்சும் வெறுங்கையோட வர்றாரே" என்று தெரு முழுக்க உனக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறது. நானும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டுகிறேன்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள். ரயிலடிக்கு எல்லாரும் வருவார்கள். இறங்கும்போது முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள். கதவைச் சாத்தின பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

அக்கா,
ஒடீலியா